சின்ன ஃப்ளாட்டுக்குப் பழைய நாற்காலி தேடுறீங்களா? 46 வயதில் எல்லாம் இழந்த ஒரு தச்சரின் கதை!

600 சதுர அடி ஃப்ளாட். ஹாலிலேயே டைனிங், ஹாலிலேயே வொர்க் ஃப்ரம் ஹோம், ராத்திரியானா துணி காயவைக்கிறதும் அதே ஹால்ல. இந்த வீட்டுக்குள்ள ஒரு பெரிய சோஃபா செட்டைக் கொண்டுவந்து போட்டா, மனுஷங்க நடக்க இடம் இருக்காது. அதனாலதான் சின்ன வீட்டுக்காரங்க பலர் இப்போ காரைக்குடி பழம்பொருள் கடைகள்லயும், ஆன்லைன் செகண்ட் ஹேண்டு விற்பனையிலயும் பழைய மரச் சாமான்களைத் தேட ஆரம்பிச்சிருக்காங்க.

அப்படித் தேடும்போது ஒரு நாற்காலி அடிக்கடி கண்ணில் படும். மெல்லிசான உருண்டை மரத்தை வளைச்சு முதுகு, வட்டமான பிரம்பு சீட், நாலு ஒல்லிக் கால்கள். மும்பையின் பழைய இரானி கஃபே படங்களைப் பார்த்திருந்தால், உடனே ஞாபகம் வந்துடும். ஒரு கையால் தூக்கிடலாம். முதுகுப் பக்கம் வெறும் வளையம்தான் என்பதால், நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவரும் ஜன்னலும் மறையாது. நாலு நாற்காலி போட்டாலும் அறை அடைச்ச மாதிரியே தெரியாது.

இந்த நாற்காலிக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். பெயர் மிக்கேல் டோனெட்.

தோல் பதனிடுபவரின் மகன்

ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் சிறிய ஊர் போப்பார்ட். அங்கே 1796-ம் ஆண்டு ஜூலை 2 அன்று பிறந்தார் மிக்கேல் டோனெட். அப்பா தோல் பதனிடும் தொழில் செய்தவர். மகனோ மர வேலை பக்கம் போனார். தச்சு கற்றுக்கொண்டு, 1819-ல் சொந்த ஊரிலேயே பட்டறை போட்டார். அடுத்த வருடம் கல்யாணம்.

வேலை சுத்தமாக இருக்கும் என்று ஊரில் நல்ல பெயர். அதோடு நின்றிருந்தால் போப்பார்ட்டின் நல்ல தச்சர்களில் ஒருவராக அவர் வாழ்க்கை நிம்மதியாக முடிந்திருக்கும். ஆனால், ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் நாற்காலியில் ஒரு வளைவு வேண்டுமென்றால், தடிமனான பலகையை எடுத்து அந்த வளைவை அறுத்துச் செதுக்க வேண்டும். பாதி மரம் சீவலாகவும் துண்டாகவும் வீணாகப் போய்விடும். அதோடு, மரத்தின் ரேகை அறுபட்டுவிடுவதால் வளைவு இருக்கும் இடத்தில்தான் முதலில் உடையும். உடையாமல் இருக்க இன்னும் தடிமனாகச் செய்ய வேண்டும். கனம் கூடும், விலையும் கூடும்.

மரத்தை அறுக்காமல் வளைத்தால் என்ன? இதுதான் டோனெட்டின் கேள்வி. 1830-களில் அவர் சோதனைகளைத் தொடங்கினார். மெல்லிய மரப் பட்டைகளைக் கட்டாகச் சேர்த்து, பசையில் போட்டு வேகவைத்து, அச்சில் வைத்து வளைத்துக் காயவிட்டார். நாற்காலி வந்தது! லேசாக, வளைவாக, குறைந்த மரத்தில். இதற்காக ஒரு பசை ஆலையையே வாங்கினார் மனிதர்.

பாராட்டு வந்தது, பட்டறை போனது!

புதுசா ஒண்ணைக் கண்டுபிடிச்சா அதைக் காப்பாத்திக்கணும் இல்லையா? ப்ரஷ்ய அரசிடம் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. சோதனைகளுக்கும் பசை ஆலைக்கும் காப்புரிமை முயற்சிகளுக்கும் பணம் கரைந்துகொண்டே இருந்தது. கடன் ஏறியது.

1841-ல் பக்கத்து நகரமான கோப்ளென்ஸில் ஒரு கண்காட்சி. டோனெட் தன் நாற்காலிகளைக் கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்த்தவர்களில் ஒருவர், ஆஸ்திரியப் பேரரசின் சக்திவாய்ந்த அமைச்சரான இளவரசர் மெட்டர்னிக். அவர் பிறந்த ஊரும் கோப்ளென்ஸ்தான். நாற்காலிகளின் வளைவில் மயங்கிய அவர், இந்த ஊரில் இருந்தால் நீ ஏழையாகவே இருந்துவிடுவாய், வியன்னாவுக்கு வா என்ற பொருளில் அழைப்பு விடுத்தார்.

டோனெட் கிளம்பினார். 1842-ல் வியன்னாவில், மரத்தை வளைக்கும் முறைக்கு உரிமையும் கிடைத்தது. ஆனால், அதே நேரத்தில் சொந்த ஊரில் கதையே வேறு. கடன் கொடுத்தவர்கள் பொறுமை இழந்து, போப்பார்ட்டில் இருந்த அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகக் கட்டி எழுப்பிய பட்டறை கையைவிட்டுப் போனது. மனைவியும் பிள்ளைகளும் வியன்னாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது டோனெட்டுக்கு வயது 46.

யோசிச்சுப் பாருங்க... தெரியாத ஊர், கையில் காசு இல்லை, பெரிய குடும்பம். நேற்றுவரை முதலாளி. இன்றைக்கு இன்னொருத்தர் பட்டறையில் வேலை. ஆமாம், கார்ல் லைஸ்ட்லர் என்பவரோடு சேர்ந்து வேலை பார்த்தார் டோனெட். அவருடைய மகன்களும் கூடவே உழைத்தார்கள்.

அங்கே கிடைத்ததுதான் லிக்டென்ஸ்டைன் அரண்மனை வேலை. வியன்னாவில் இருந்த அந்த அரண்மனையைப் புதுப்பித்தபோது, மரத்தரையில் பூவேலைப்பாடு போன்ற வளைவுகளையும், மெல்லிய அழகான நாற்காலிகளையும் டோனெட் குடும்பம் செய்துகொடுத்தது. அந்த வேலையை மேற்பார்த்த ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் டெவிக்னே, டோனெட்டின் கைவேலையைப் பார்த்து வியந்து, பின்னாளில் பக்கபலமாக நின்றார்.

காபி கடையில் கிடைத்த திருப்பம்

1849-ல் டோனெட் மறுபடியும் சொந்தப் பட்டறை போட்டார். 53 வயதில் இரண்டாவது இன்னிங்ஸ்! அந்தச் சமயத்தில் வியன்னாவின் டாவும் என்ற காபி கடை, தனக்கு நாற்காலிகள் வேண்டுமென்று கேட்டது. பெஸ்ட் நகரத்து ஹோட்டல் ஒன்று 400 நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

அரண்மனைக்கும் காபி கடைக்கும் எவ்வளவு வித்தியாசம்! அரண்மனை நாற்காலி, யாராவது உட்கார மாட்டார்களா என்று காத்திருக்கும். காபி கடை நாற்காலிக்கோ ஓய்வே கிடையாது. இழுப்பார்கள், சாய்ப்பார்கள், கடை மூடும்போது தூக்கி மேஜை மேல் கவிழ்த்துவைப்பார்கள். அது லேசாகவும் இருக்க வேண்டும், உடையவும் கூடாது, விலையும் கட்டுப்படியாக வேண்டும். டோனெட்டின் நாற்காலி அந்தப் பரீட்சையில் பாஸ்!

1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம். 1853-ல் தொழிலை ஃப்ரான்ஸ், மிக்கேல், ஆகஸ்ட், யோசஃப், யாகோப் என்ற ஐந்து மகன்களின் பெயருக்கு மாற்றினார். 'டோனெட் சகோதரர்கள்' என்ற கம்பெனி பிறந்தது. ஆனாலும் கடைசிவரை பட்டறையின் மூளை அப்பாதான்.

பசை கரைந்தது... நீராவி கைகொடுத்தது!

எல்லாம் நல்லா போயிட்டிருக்கும்போது ஒரு பிரச்னை. கப்பலில் தூர தேசங்களுக்குப் போன நாற்காலிகள், ஈரக்காற்று பட்டதும் பிரிந்து வந்தன. ஒட்டியிருந்த பசை ஈரத்தில் இளகிவிட்டது. நம்ம சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் இருப்பவர்களுக்கு இது நல்லாவே புரியும்.

அப்படியென்றால் பசையே இல்லாமல், முழு மரக்கம்பையே வளைக்க வேண்டும். ஆனால், முழு மரத்தை வளைத்தால் வெளிப்பக்கம் பிளந்துகொள்ளும். காரணம், சூடான மரம் நன்றாக அமுங்கும். ஆனால், இழுத்தால் நீளாது. டோனெட் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமை. 'பீச்' என்ற மரத்தைக் கம்புகளாகக் கடைந்து, நீராவியில் பல மணி நேரம் வேகவைப்பார்கள். பிறகு, கம்பின் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு வளைப்பார்கள். பட்டை, மரத்தை நீள விடாது. அதனால் மரம் உள்பக்கமாக அமுங்கித்தான் ஆக வேண்டும். பிளவு இல்லை. அப்படியே இரும்பு அச்சில் மாட்டிக் காயவைத்தால், அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். அவ்வளவுதான்!

1856-ல் இந்த முறைக்கு 13 ஆண்டுகளுக்கான காப்புரிமை கிடைத்தது. 1857-ல், இன்றைய செக் குடியரசில் இருக்கும் கோரிச்சானியில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஏன் அங்கே? சுற்றிலும் பீச் மரக்காடு. கூலியும் குறைவு. வேலையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்ததால், தச்சு தெரியாத கிராமத்து மக்களாலும் செய்ய முடிந்தது. பிரம்பு பின்னுவது, தேய்ப்பது, பாலிஷ் போடுவது, பெட்டியில் அடுக்குவது எனப் பெரும் பகுதி வேலையைச் செய்தவர்கள் பெண்கள். தனி ஒரு தச்சரின் கைவேலையாக இருந்த நாற்காலி, ஒரு தொழிற்சாலைப் பொருளாக மாறியது இங்கேதான்.

ஆறு மரத் துண்டு, பத்து ஸ்க்ரூ

1859-ல் வந்தது டோனெட்டின் 14-ம் எண் நாற்காலி. பெயர்கூட இல்லை, வெறும் நம்பர். படிப்படியாக மெருகேறியதும் அதில் இருந்தவை மொத்தம் ஆறு மரப் பாகங்கள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். முதுகும் பின்கால்களும் ஒரே கம்பு. உள்ளே ஒரு வளைவு, சீட்டுக்கு ஒரு வளையம், முன்கால்கள் இரண்டு, கால்களைப் பிணைக்க ஒரு வளையம். முடிஞ்சது.

இதை முழுசாகக் கோத்து அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிவிடலாம். போய்ச் சேர்ந்த ஊரில் ஸ்க்ரூவை முடுக்கினால் நாற்காலி ரெடி. இன்றைக்கு ஆன்லைனில் ஆர்டர் பண்ணி, அட்டைப் பெட்டியைப் பிரித்து நாமே மாட்டுகிறோமே... அந்த வழியை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே போட்டுக்கொடுத்தவர் டோனெட்.

1860-ல் வளைமர ஆடும் நாற்காலி வந்தது. 1867 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். 1869-ல் காப்புரிமை முடிந்ததும், கோன் உள்ளிட்ட போட்டிக் கம்பெனிகள் களத்தில் இறங்கின. 1871 மார்ச் 3 அன்று வியன்னாவில் 74 வயதில் காலமானார் மிக்கேல் டோனெட். கடன்காரர்கள் பட்டறையைப் பிடுங்கிய அந்தத் தச்சர், மகன்களுக்கு விட்டுப்போனது பல ஆலைகளையும், ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் விற்பனை நிலையங்களையும்.

1930-க்குள் 14-ம் எண் நாற்காலி 5 கோடி விற்றிருந்தது. நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கார்பூசியே, 1925-ல் பாரிஸில் அமைத்த மாதிரி வீட்டில் போட்டதும் டோனெட்டின் வளைமர நாற்காலிகளைத்தான். 14-ம் எண் இன்றும் தயாராகிறது. நம்பர் மட்டும் 214.

வாங்கும் முன் இதைப் பாருங்க!

* நாற்காலியைக் கவிழ்த்து, சீட் வளையத்தின் உள்பக்கம் பாருங்க. ஒட்டிய காகித லேபிள் அல்லது மரத்தில் குத்திய முத்திரை இருக்கலாம். டோனெட் மட்டுமல்ல, கோன், முண்டஸ் என்ற பெயர்களும் பழைய வளைமர நாற்காலிகளில் உண்டு. முத்திரை இல்லாத உள்ளூர்த் தயாரிப்பும் உறுதியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். டோனெட் விலை மட்டும் கொடுத்துடாதீங்க.

* ஆடுகிறதா? பயப்பட வேண்டாம், பல நேரம் ஸ்க்ரூவை முடுக்கினாலே சரியாகிவிடும். ஆனால், வளைவில் விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

* பொடிப் பொடி ஓட்டைகளும், தட்டினால் கொட்டும் மாவு போன்ற தூளும் இருந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரச் சாமானுக்கும் பரவும்.

* பிரம்பு தொய்ந்திருந்தால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிடுங்கள். காயும்போது இறுகும். அறுந்திருந்தால் பின்னல்காரரிடம்தான் போக வேண்டும். அந்தக் கூலியையும் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

* நாலும் ஒரே மாதிரி கிடைக்கணும்னு அவசியமில்லை. சின்ன டைனிங் டேபிளுக்கு இரண்டு, எழுதும் மேஜைக்கு ஒன்று போதும். விருந்தாளி வந்தால் ஒரு கையால் தூக்கி ஹாலுக்குக் கொண்டுவந்துடலாம். காபி கடைக்காரர்கள் டோனெட்டிடம் எதிர்பார்த்ததும் அதைத்தானே!