கியோர்க் ஹைன்ரிக் ரைஸ்விட்ஸ்

கியோர்க் ஹைன்ரிக் ருடோல்ஃப் யோஹான் ஃபொன் ரைஸ்விட்ஸ் (1794 – 1827) என்பவர் பிரசிய நாட்டுப் பீரங்கிப் படை அதிகாரி ஆவார். இவர் 1824 ஆம் ஆண்டில் வெளியிட்ட போர் விளையாட்டு, கிரீக்ஸ்ஷ்பீல் என்ற ஜெர்மன் பெயராலேயே பல நாடுகளிலும் அறியப்படுகிறது. ஆட்டக்காரரிடமிருந்து படைகளை மறைத்து வைப்பதையும், மறைப்பின் பின் நிற்கும் படைக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும் நடுவர் ஒருவரைக் கொண்டு முறைப்படுத்தியது இவ்விளையாட்டின் சிறப்பாகும். இன்றைய மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஒளிதல், மறைப்பு ஆகியவற்றுக்கான விதிகளுக்கும், அவற்றைப் பொருள்கொள்ளும் ஆட்ட நடத்துநருக்கும் இவ்விளையாட்டு ஒரு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

பின்னணி

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் பகுதிகளில் பல போர் விளையாட்டுகள் தோன்றின. 1780 இல் யோஹான் ஹெல்விக் உருவாக்கிய விளையாட்டு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. இவை சதுரங்கத்தை ஒட்டியே அமைந்தன. தரை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. இருவருடைய காய்களும் இருவருக்கும் தெரிந்தன. உண்மையான களத்தில் படைத்தலைவன் ஒருவன் எதிரியின் முழு நிலையையும் காண்பதில்லை என்பதை இவை கருத்தில் கொள்ளவில்லை.

ரைஸ்விட்ஸின் தந்தையான கியோர்க் லியோபோல்ட் ஃபொன் ரைஸ்விட்ஸ் இக்கட்டங்களைக் கைவிட்டார். நிலத்தோற்றத்தைக் காட்டும் ஓடுகளை விரும்பியவாறு அடுக்கக்கூடிய மேசை ஒன்றை அமைத்து, 1812 இல் மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்முக்கு வழங்கினார். அது அரண்மனையில் விரும்பி ஆடப்பட்டது. எனினும் அதன் விலையும் அளவும் காரணமாகப் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

1824 ஆம் ஆண்டின் விளையாட்டு

தந்தையின் பணியை மகன் தொடர்ந்தார். மேசைக்குப் பதிலாக 1:8000 அளவுத்திட்டத்தில் வரையப்பட்ட நிலப்படங்களைப் பயன்படுத்தினார். படைப்பிரிவுகளைச் சிவப்பு, நீல நிறச் சிறு கட்டைகள் குறித்தன. ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிட நேரத்துக்குச் சமமாகக் கொள்ளப்பட்டது. அந்நேரத்தில் ஒரு படை எவ்வளவு தொலைவு செல்ல இயலுமோ அவ்வளவே கட்டை நகர்த்தப்பட்டது. துப்பாக்கிச் சூட்டின் விளைவைக் கணிக்க, ஷார்ன்ஹோர்ஸ்ட் 1813 இல் வெளியிட்ட சுடுசோதனைத் தரவுகளை இவர் பயன்படுத்தினார். இக்கணிப்புகள் ஐந்து தனிவகைப் பகடைகளின் முகங்களில் பொறிக்கப்பட்டன.

மறைவும் மறைப்பும்

இவ்விளையாட்டில் ஆட்டக்காரர்கள் கட்டைகளைத் தாமே நகர்த்துவதில்லை. தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். இரு தரப்புப் படைகளும் எங்கு உள்ளன என்பதை நடுவர் மட்டுமே அறிவார். எதிரியின் பார்வைக்கு உட்பட்ட படைகளை மட்டுமே அவர் நிலப்படத்தில் வைப்பார். குன்றின் பின்புறத்திலோ காட்டினுள்ளோ நிற்கும் படை, கண்டறியப்படும் வரை படத்தில் இடம்பெறாது.

இதன்மூலம் இரண்டு செய்திகள் தனித்தனியே பிரிக்கப்பட்டன. முதலாவது மறைவு, அதாவது எதிரி இருக்குமிடம் தெரியாமை. இதனை நடுவர் தம் தீர்ப்பால் முடிவு செய்தார். இரண்டாவது மறைப்பு, அதாவது இருக்குமிடம் தெரிந்தும் குண்டு எளிதில் தாக்காமை. இது பகடையின் கணக்கில் சேர்க்கப்பட்டது. சூழ்நிலைக்கேற்ப ஒரே பகடை வீச்சு நல்ல விளைவாகவோ குறைந்த விளைவாகவோ கொள்ளப்பட்டது.

ஏற்பும் இறுதிக்காலமும்

இளவரசர் வில்ஹெல்ம் (பின்னாளில் ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்ஹெல்ம்) இவ்விளையாட்டில் ஆர்வம் கொண்டார். அவர் வாயிலாக இது தலைமைப் படைப்பணிக்குழுவின் தலைவரான கார்ல் ஃபொன் மியூஃப்லிங்கின் பார்வைக்கு வந்தது. தொடக்கத்தில் ஆர்வம் காட்டாத மியூஃப்லிங், ஆட்டம் நடைபெறுவதைக் கண்டபின் இது வெறும் விளையாட்டன்று, போர்ப்பயிற்சியே என்ற முடிவுக்கு வந்தார். 1824 இல் படைத்துறை வார இதழில் இதனைப் பரிந்துரைத்தும் எழுதினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இது பிரசியப் படையணிகளிடையே பரவியது.

ஆயினும் இப்புகழ் ரைஸ்விட்ஸின் வாழ்க்கையில் நன்மையாக முடியவில்லை. 1826 இல் கப்டன் நிலையில் அவர் பெர்லினிலிருந்து டோர்காவ் கோட்டைக்கு மாற்றப்பட்டார். இதனை அவர் ஒதுக்கி வைக்கப்பட்டதாகவே உணர்ந்தார் எனக் கூறப்படுகிறது. 1827 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு 33 வயதுக்கு மேல் இராது. அவருடன் பழகிய டான்ஹவுவர் என்னும் அதிகாரி 1874 இல் எழுதிய நினைவுக் குறிப்பே அவரது வாழ்க்கையைப் பற்றி அறிய முதன்மையாக உதவுகிறது.

விதியா, நடுவர் தீர்ப்பா

ரைஸ்விட்ஸின் விதிகள் விரிவானவை. அதனால் ஆட்டம் மெதுவாக நடந்தது. எவ்வளவு விரிவாக எழுதினாலும், ஒரு படை எப்போது எதிரியின் கண்ணில் படும் என்பதற்கான எல்லாச் சூழல்களையும் விதியில் அடக்க முடியவில்லை. 1870களில் மெக்கெல் இக்குறையைச் சுட்டிக்காட்டினார். 1876 இல் வெர்டி டு வெர்னுவா பகடைகளையும் அட்டவணைகளையும் நீக்கி, பட்டறிவுள்ள நடுவரின் தீர்ப்பையே அடிப்படையாகக் கொண்ட முறையை முன்வைத்தார். முதல் முறை கட்டுறு முறை என்றும், இரண்டாவது கட்டற்ற முறை என்றும் பெயர் பெற்றன. நடுவர் நடுநிலை தவறினால் ஆட்டம் பயனற்றுப் போகும் என்பது கட்டற்ற முறையின் குறையாகும்.

பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தாக்கம்

பிரசிய மரபைத் தழுவி அமெரிக்கரான சார்லஸ் டோட்டன் 1880 இல் ஸ்ட்ராடிகோஸ் என்ற நூலை வெளியிட்டார். மினசோட்டாவைச் சேர்ந்த டேவிட் வெஸ்லி இந்நூலைப் படித்து, நடுவருக்கு முழு உரிமை தரும் பிரவுன்ஸ்டைன் என்ற ஆட்டத்தை 1969 இல் நடத்தினார். அதில் பங்குகொண்ட டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்சுடன் இணைந்து உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 இல் வெளிவந்தது. 1975 இல் வந்த அதன் துணைநூலில், நிழலில் ஒளியும் திறன் திருடர் பாத்திரத்துக்கு விழுக்காட்டு அளவில் வழங்கப்பட்டது.

2014 இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பில், அரை மறைப்பு தற்காப்பு எண்ணுக்கு 2 புள்ளிகளையும், முக்கால் மறைப்பு 5 புள்ளிகளையும் கூட்டுகிறது. முழு மறைப்பில் உள்ளவரை நேரடியாகக் குறிவைக்க இயலாது. ஆனால் ஒருவர் ஒளிந்துகொள்ளச் சூழல் ஏற்றதா என்பதை ஆட்ட நடத்துநரே முடிவு செய்கிறார். மறைப்பை எண்ணாலும் மறைவை நடுவராலும் தீர்மானிக்கும் இப்பிரிவினை, ரைஸ்விட்ஸின் ஆட்டத்திலும் காணப்பட்ட ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

சதுரங்கம்
பாத்திரமேற்பு விளையாட்டு
பிரசிய இராச்சியம்