லார்வுட் கேட்க மறுத்த மன்னிப்பு

கிரிக்கெட் சரித்திரத்தில் தலைசிறந்த பாட்ஸ்மன் யார் என்று வினவினால், விடை கூற எவரும் தயங்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் டொனால்ட் பிராட்மன் 52 டெஸ்ட் பந்தயங்களில் ஆடிப் பெற்ற சராசரி 99.94 ரன். அவருக்கு முன்னும் பின்னும் நீண்ட காலம் ஆடிய வேறெவரும் அதன் அருகிற்கூட வந்தாரில்லை. ஆனால், தலைசிறந்த வேகப் பௌலர் யார் என்று வினவினாலோ, வழக்கு மூண்டுவிடும். ஒருவர் லில்லி என்பார். மற்றொருவர் மார்ஷல் என்பார். இங்கிலாந்துக்காரர் ட்ரூமனை விட்டுக்கொடுக்க மாட்டார். விக்கெட் கணக்கைக் கொண்டு மட்டும் தீர்ப்பளிப்பதாயின், ஹாரால்ட் லார்வுட் இவ்வரிசையில் இடம் பெறுவதே அரிது. 21 டெஸ்ட் பந்தயங்கள், 78 விக்கெட்டுகள், சராசரி 28.35, அவ்வளவே அவருடைய சேமிப்பு.

எனினும் பிராட்மனுடைய கணக்கிலேயே லார்வுட்டின் பெருமை எழுதப்பட்டிருக்கிறது. 1930-ம் வருஷம் இங்கிலாந்தில் நடந்த ஐந்து பந்தயங்களில் பிராட்மன் அடித்தது 974 ரன், சராசரி 139.14. அடுத்த முறை, 1932-33-ல், ஆஸ்திரேலியாவில் இரு தேசங்களும் மோதியபோது அவர் அடித்தது 396 ரன், சராசரி 56.57. இடையில் பிராட்மன் முதுமை அடைந்துவிடவில்லை; அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. இந்த வித்தியாசத்திற்குப் பிரதான காரணம் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் வலக்கரம். அந்தக் கரத்திற்கு அதன் எஜமானர்கள் அளித்த வெகுமதியைப் பற்றித்தான் நாம் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயர் ஜில்லாவிலுள்ள நன்கார்கேட் என்னும் சுரங்கக் கிராமத்தில், 1904-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதி லார்வுட் பிறந்தார். தந்தையும் சுரங்கத் தொழிலாளியே. மகன் பதினான்காவது வயதில் பூமிக்கடியில் இறங்கிக் கரி வண்டிகளை இழுக்கும் மட்டக் குதிரைகளுடன் வேலை செய்யலானார். கிராமத்து மைதானத்தில் அவர் பந்து போடுவதைக் கண்டவர்களின் முயற்சியால் பதினெட்டாவது வயதில் நாட்டிங்காம்ஷயர் கோஷ்டியினர் அவரைப் பரீட்சித்துச் சேர்த்துக்கொண்டனர். 1926-ல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் பந்தயம் ஆடினார். வேகப் பௌலருக்கு உயரம் அவசியம் என்பர். லார்வுட்டோ ஐந்தடி எட்டங்குலத்திற்கு மேற்படாதவர். ஓடி வருகையில் அவரது காலடி ஓசையே கேளாது. பந்தோ கண்ணுக்குத் தெரியுமுன் ஸ்டம்பைத் தகர்த்திருக்கும். உயரம் குறைவாயிருந்ததனால் அவர் குட்டையாகப் போடும் பந்து தலைக்கு மேலே பறந்து போகாமல், வழுக்கி வந்து விலா எலும்பை நாடும். இந்த விசேஷத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அக்காலத்து ஆங்கிலக் கிரிக்கெட்டில் இரண்டு ஜாதிகள் இருந்தன. நமது சமூகத்தின் ஜாதிக் கொடுமையைச் சுட்டிக்காட்டி நம்மைச் சுயராஜ்யத்திற்கு அருகதையற்றவர்கள் என்று கூறிவந்த தேசத்தின் ஆட்டக்களத்திலே, சம்பளம் பெறாது ஆடும் கனவான்கள் அமெச்சூர்கள் என்றும், ஜீவனத்திற்காக ஆடுவோர் புரொபஷனல்கள் என்றும் பிரிக்கப்பட்டிருந்தனர். உடை மாற்றும் அறைகள் வேறு; பல மைதானங்களில் களத்திற்குள் புகும் வாசல்களும் வேறு. அச்சிட்ட ஆட்ட விவரத்தில் கனவானுடைய பெயருக்கு முன்னே தலைப்பெழுத்துகள் வரும். தொழிலாளியினுடையவை பின்னே வரும். காப்டன் பதவி கனவானுக்கே உரியது. இந்தப் பாகுபாடு சட்டபூர்வமாக ஒழிந்தது 1962-ல்தான். லார்வுட் புரொபஷனல்.

1928-ம் வருஷம் பிரிஸ்பேனில் பிராட்மன் தம் முதல் டெஸ்ட் பந்தயத்தை ஆடினார். அதில் லார்வுட் முதல் இன்னிங்ஸில் 32 ரன் கொடுத்து ஆறு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிராட்மன் எடுத்தது 18-ம் 1-ம். ஆனால் 1930-ல் நிலைமை தலைகீழாயிற்று. அவ்வருஷம் லார்வுட் மூன்று பந்தயங்களில் பெற்றவை நான்கே விக்கெட்டுகள். லீட்ஸ் நகரில் பிராட்மன் ஒருவரே 334 ரன் அடித்தார். இந்த மனிதரை நிறுத்துவதற்கு வழியில்லையேல் இனிப் பல வருஷங்களுக்கு ஆஸ்திரேலியாவை வெல்ல இயலாது என்ற திகில் லண்டன் பெரிய மனிதர்களைப் பற்றிக்கொண்டது.

இதற்கு மருந்து தேட அவர்கள் நியமித்த காப்டன் டக்ளஸ் ஜார்டின். இவர் பம்பாயில் 1900-ல் பிறந்தவர். தந்தை பம்பாய் அட்வகேட்-ஜெனரலாயிருந்தவர். வின்செஸ்டர் பள்ளியும் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையும் அவரை வளர்த்தன. 1932 ஆகஸ்டு மாதத்தில் லண்டன் பிக்காடிலியிலுள்ள ஒரு ஹோட்டலில் லார்வுட்டையும் அவருடைய ஜில்லாத் தோழர் வோஸையும், அவர்களது ஜில்லாக் காப்டன் கார் என்பவருடன் ஜார்டின் விருந்துக்கு அழைத்தார். திட்டம் அங்கேதான் வகுக்கப்பட்டது. பந்தைக் குட்டையாக, பாட்ஸ்மனின் உடலை நோக்கிப் போடுவது. லெக் பக்கத்தில் ஆறேழு பீல்டர்களை நிறுத்துவது. உடலைக் காக்க மட்டையை உயர்த்தினால் அருகில் நிற்பவர் காட்ச் பிடிப்பார். துணிந்து அடித்தால் எல்லையருகில் நிற்பவர் பிடிப்பார். இரண்டும் செய்யாவிடில் அடி வாங்க வேண்டும். லெக் பக்கத்தில் பீல்டர்களைக் குவிப்பது புதிதன்று. இவ்வளவு வேகத்துடனும் இவ்வளவு துல்லியமாகவும் அதைச் செய்யக்கூடிய ஒருவர் கிடைத்ததே புதிது. லார்வுட் இல்லையேல் அந்தத் திட்டம் விருந்து மேஜையிலேயே முடிந்துபோயிருக்கும். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் இதற்கு இட்ட பெயர் பாடிலைன்.

அந்தக் கோஷ்டியில் இருந்த வேறு இருவரையும் இங்கே குறிப்பிடுதல் அவசியம். ஆலன் என்னும் அமெச்சூர் பௌலர் இம்முறையில் பந்து போட மாட்டேனென்று காப்டனிடம் கூறிவிட்டார். அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஐந்து பந்தயங்களிலும் ஆடினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் காப்டனாகி, எம்.சி.சி. சங்கத்தின் தலைமைப் பதவியும் சர் பட்டமும் பெற்றார். மற்றொருவர் நம் நாட்டவரான பட்டோடி நவாப். ஸிட்னியில் தம் முதல் டெஸ்டிலேயே 102 ரன் அடித்த அவர், லெக் பக்கத்து வியூகத்தில் நிற்க மறுத்தார். இரண்டாவது பந்தயத்திற்குப் பிறகு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. நவாபாயினும் இந்தியர் அல்லவா! லார்வுட் மறுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. சுரங்கத்தின் வாசல் திறந்தே இருந்தது. ஆயினும், அவர் மனமில்லாமல் கட்டளைக்கு அடிபணிந்தார் என்று கூறுவதும் உண்மையாகாது. ஜார்டினிடம் அவருக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. பாடிலைன் முறையில் தவறில்லை என்றே அவர் நம்பினார். இறுதிவரை அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ளவுமில்லை.

1933 ஜனவரி 14-ந் தேதி அடிலெய்டு மைதானத்தில் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் கூடியிருந்தனர். லார்வுட் போட்ட ஒரு பந்து ஆஸ்திரேலியக் காப்டன் உட்ஃபுல்லின் மார்பில், இருதயத்திற்கு அருகே தாக்கிற்று. அவர் தள்ளாடினார். அந்தப் பந்து வந்தபோது பீல்டர்கள் சாதாரண இடங்களில்தான் நின்றிருந்தனர். ஆனால் வலி தீர்ந்து அவர் மீண்டும் லார்வுட்டை எதிர்த்து நின்ற சமயத்தில், ஜார்டின் பீல்டர்களை லெக் பக்கத்துக்கு மாற்றினார். ஜனங்களின் ஆத்திரம் கரை கடந்தது. இரண்டு நாள் கழித்து ஓல்ட்ஃபீல்டு என்பவர் லார்வுட்டின் பந்தை அடிக்கப் போய், அது மட்டையின் விளிம்பில் பட்டு அவர் மண்டையோட்டைப் பிளந்தது. தவறு தம்முடையதே என்று ஓல்ட்ஃபீல்டே ஒப்புக்கொண்டார். ஆனால் ஆத்திரத்தில் இருப்பவர்கள் அதையெல்லாம் ஆராய்வார்களா? ஆஸ்திரேலியக் கிரிக்கெட் போர்டார் இம்முறை விளையாட்டுத் தர்மத்துக்கு விரோதமென்று லண்டனுக்குத் தந்தி அடித்தனர். எம்.சி.சி.யார் தம் காப்டனிடம் பூரண நம்பிக்கை தெரிவித்து, விருப்பமில்லையேல் எஞ்சிய பந்தயங்களை ரத்துச் செய்துகொள்ளலாம் என்று பதில் விடுத்தனர். ஆஸ்திரேலியப் போர்டார் இறங்கிவந்தனர். பந்தயங்கள் தொடர்ந்தன. இங்கிலாந்து நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. லார்வுட் 33 விக்கெட்டுகள் எடுத்தார். அவற்றுள் பிராட்மனுடையவை நான்கு.

கடைசிப் பந்தயம் ஸிட்னியில். நாள் முழுதும் பந்து போட்டுக் களைத்திருந்த லார்வுட்டை அன்று மாலையே பாட்டிங்குக்கு அனுப்பினார் ஜார்டின். கோபத்துடன் சென்ற அவர் மறுநாள் 98 ரன் வரை அடித்து, காட்ச் பிடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த அயர்ன்மாங்கரின் கையில் அகப்பட்டுச் சதத்தை இழந்தார். வாரக்கணக்கில் அவரை ஏசிய ஸிட்னி ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அடுத்த இன்னிங்ஸில் பந்து போடுகையில் அவரது இடது பாதத்து எலும்பு முறிந்தது. நடக்கவே இயலாத நிலையில் உள்ளே போக அனுமதி கேட்டார். பிராட்மன் ஆடிக்கொண்டிருந்தார். லார்வுட் களத்தில் நிற்பதே பிராட்மனுக்கு ஒரு சுமை என்று கருதிய காப்டன், பிராட்மன் அவுட்டாகும் வரை விடவில்லை. பிராட்மன் 71 ரன்னில் அவுட்டான பின்னரே அனுமதி கிடைத்தது. அவ்விருவரும் ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருங்கே மைதானத்தை விட்டு வெளியேறினர். லார்வுட் பழைய வேகத்துடன் அதன்பின் ஒருபோதும் பந்து போடவில்லை.

அதே 1933 கோடையில் மேற்கிந்தியத் தீவுகளின் கான்ஸ்டன்டைனும் மார்ட்டின்டேலும் மான்செஸ்டரில் இங்கிலாந்துக்கு எதிராக இம்முறையைக் கையாண்டனர். ஆங்கிலேய பாட்ஸ்மன்களின் மேல் பந்து பாய்வதை ஆங்கிலேயர்கள் தம் கண்ணாலேயே கண்டனர். அது தர்மமன்று என்னும் ஞானம் லண்டனில் பலருக்கு அப்போதுதான் உதயமாயிற்று. 1934-ல் ஆஸ்திரேலியர் இங்கிலாந்துக்கு வரவிருந்தனர். அவர்களைச் சாந்தப்படுத்த ஒரு பலி தேவைப்பட்டது. பூரண நம்பிக்கைத் தந்தி அடித்த சங்கத்தாரைப் பலியிட முடியாது. ஜார்டினோ அவ்வருஷ ஆரம்பத்தில் இந்தியாவில் இருந்தார். பிப்ரவரியில் நமது சேப்பாக்கம் மைதானத்தில் இங்கிலாந்துக்குக் காப்டனாக நின்றபோது, கிளார்க் போட்ட பந்தினால் நவுமல் முகத்தில் அடிபட்டு ஆட்டத்தை விட்டு விலகினார். அதன் பின்னர் ஆஸ்திரேலியருக்கு எதிராக ஆட விருப்பமில்லையென்று கௌரவமாக அறிவித்து ஜார்டின் ஒதுங்கிக்கொண்டார். எஞ்சியவர் லார்வுட்.

நாட்டிங்காம்ஷயர் சங்கத்துப் பிரபுவான சர் ஜூலியன் கான் அவரை அழைத்து, தாம் பந்து போட்ட முறைக்காக எம்.சி.சி.யிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றும், இல்லையேல் இங்கிலாந்துக்கு ஆட இயலாதென்றும் கூறினார். லார்வுட் திகைத்தார். காப்டன் இட்ட கட்டளையை நிறைவேற்றியதற்கு மன்னிப்பா? அந்தக் கட்டளையை லண்டனிலிருந்து ஆமோதித்தவர்களிடமா? அவர் மறுத்துவிட்டார். ஜூன் மாதம் பத்திரிகையிலும் தம் கட்சியை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. இங்கிலாந்து அவரை மறுபடியும் அழைக்கவேயில்லை. 1936-ல் தேசம் முழுவதிலும் பௌலிங் சராசரியில் முதலாவதாக வந்தும் அழைக்கவில்லை. அவரைப் போலவே பாடிலைன் போட்ட வோஸ் சமரசம் செய்துகொண்டு, அவ்வருஷமே ஆலனுடைய தலைமையில் ஆஸ்திரேலியா சென்று 26 விக்கெட்டுகள் எடுத்தார். வோஸை நாம் குறை கூறவில்லை. குடும்பஸ்தனுக்கு ஜீவனம் பெரிது. லார்வுட்டும் குடும்பஸ்தரே என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

1938-ல் அவர் ஜில்லா ஆட்டத்திலிருந்தும் விலகினார். யுத்தம் முடிந்தபின் பிளாக்பூல் என்னும் கடற்கரை ஊரில் சிறு மிட்டாய்க் கடை வைத்தார். தம் கீர்த்தியைக் காட்டி வாடிக்கை சேர்க்க அவர் விரும்பவில்லை. 1948-ல் அங்கே அவரைத் தேடிச் சென்றவர், பாடிலைன் பந்துகளால் உடம்பெல்லாம் தழும்பேறிய பழைய ஆஸ்திரேலிய ஆட்டக்காரரும் பத்திரிகாசிரியருமான ஃபிங்கில்டன். ஆஸ்திரேலியாவில் குடியேறும்படி அவர்தாம் யோசனை கூறினார். 1950-ம் வருஷம் மனைவியுடனும் ஐந்து பெண்களுடனும் லார்வுட் ஒரான்டீஸ் என்னும் கப்பலில் ஏறினார். 1932-ல் ஜார்டினுடைய கோஷ்டியை ஏற்றிச் சென்றதும் அதே கப்பல்தான். ஸிட்னியில் அக்குடும்பம் தங்கிய ஹோட்டலுக்கான செலவில் ஒரு பகுதியை, முன்னாள் பிரதம மந்திரி சிஃப்லி வெளியில் தெரியாமல் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். அவரும் தொழிலாளியாயிருந்து உயர்ந்தவரே. ரெயில் எஞ்சின் ஓட்டியவர்.

லார்வுட் ஒரு குளிர்பானக் கம்பெனியில் வேலை பார்த்து, ஸிட்னியில் கிங்ஸ்ஃபோர்டு பேட்டையில் ஓர் எளிய வீட்டில் நாற்பத்தைந்து வருஷங்கள் வாழ்ந்தார். அவரைச் சிறுவயதில் ஸிட்னி மைதானத்தில் பார்த்துப் பந்து போடக் கற்ற லிண்ட்வால் பின்னர் ஆஸ்திரேலியாவின் பெரும் பௌலரானார். பிரிட்டிஷ் சர்க்காருக்கு லார்வுட்டின் ஞாபகம் வந்து ஒரு சிறு பட்டம் அளித்தது 1993-ல். அப்போது அவருக்கு வயது எண்பத்தெட்டு. 1995 ஜூலை 22-ந் தேதி காலமானார். எம்.சி.சி.யாரின் மன்னிப்புக் காகிதம் இறுதிவரை கையெழுத்தில்லாமலே இருந்துவிட்டது. ஆனால் அவர் வீட்டிற்கு வருவோருக்கு எடுத்துக் காட்டிய பொருள் ஒன்று உண்டு: அந்த வெற்றிக்காக, நன்றியுள்ள காப்டனென்று பொறித்து ஜார்டின் அவருக்கு அளித்த ஒரு சிறிய வெள்ளிச் சாம்பல் கிண்ணம்.