வரி புரியலைன்னு எஃப்.பி.ஐ. விசாரிச்ச பாட்டு! யார் இந்த ரிச்சர்ட் பெர்ரி?

ஒரு பாட்டுல வரி புரியலைன்னா நாம என்ன செய்வோம்? வாய்க்கு வந்ததைப் பாடிட்டுப் போயிடுவோம். ஆனால் 1964-ல் அமெரிக்காவில் ஒரு பாட்டின் வரி புரியவில்லை என்று எஃப்.பி.ஐ. விசாரணையே நடந்தது. அந்தப் பாட்டு ‘லூயி லூயி’. எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி.

யார் இவர்?

1935-ல் லூசியானாவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதில் இடுப்பில் அடிபட்டு, ஊன்றுகோலோடுதான் நடந்தார். பள்ளியில் படிக்கும்போதே பாட்டுக் குழுக்களில் சேர்ந்துவிட்டார். ராபின்ஸ் குழு 1954-ல் வெளியிட்ட ‘ரயட் இன் செல் பிளாக் நம்பர் 9’ பாட்டில் வரும் அந்தக் கனத்த குரல் இவருடையதுதான். ஆனால் இசைத்தட்டில் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு எட்டா ஜேம்ஸுடன் பாடிய ‘தி வால்ஃபிளவர்’ பாட்டிலும் இதே கதைதான்.

750 டாலருக்குப் போன பாட்டு

ஒருநாள் மேடை ஏறக் காத்திருந்தபோது, ‘எல் லோகோ சா சா’ என்ற லத்தீன் இசையின் தாளம் பெர்ரியின் காதில் விழுந்தது. அதை வைத்து எழுதியதுதான் ‘லூயி லூயி’. ஊருக்குப் போய்க் காதலியைப் பார்க்கத் துடிக்கும் ஜமைக்கா மாலுமி ஒருவர், மதுக்கடைக்காரர் லூயியிடம் புலம்புகிறார். அவ்வளவுதான் கதை. 1957-ல் வெளியானபோது அது இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு. பிறகு கல்யாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட, வேறு சில பாட்டுகளோடு சேர்த்து இதன் உரிமையையும் 750 டாலருக்கு விற்றுவிட்டார்.

புரியாததே விளம்பரம்

1963-ல் போர்ட்லேண்டைச் சேர்ந்த கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு இதைப் பதிவு செய்தது. மைக் உயரத்தில் தொங்கியதால், பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. பல்லில் வேறு கம்பி. நடுவில் ஓர் இடத்தில் முன்கூட்டியே பாடத் தொடங்கி, சட்டென்று நிறுத்துகிறார். அந்தத் தப்பும் அப்படியே பதிவானது. பாட்டு பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

வரி புரியாததால் மாணவர்கள் ஆளாளுக்கு ஆபாச வரிகளைக் கற்பனை செய்து, எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். பதறிப்போன பெற்றோர் ஒருவர் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே கடிதம் போட்டார். இண்டியானா ஆளுநர், வானொலிகளில் இதை ஒலிபரப்ப வேண்டாம் என்றார். எஃப்.பி.ஐ. ஆய்வகம் இசைத்தட்டை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டது. கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் புரியவில்லை என்பதைத்தான்!

கேரேஜ் பசங்களின் பாடம்

மூன்றே மூன்று கார்டுகள். கிட்டார் வாங்கி ஒரு வாரம் ஆனவர்கூட வாசித்துவிடலாம். வீட்டு கார் ஷெட்டில் பயிற்சி எடுத்த பசங்களுக்கு இதுதான் முதல் பாட்டானது. அந்த ‘கேரேஜ் ராக்’ முரட்டுத்தனத்தைத்தான் பின்னால் வந்த பங்க் இசை பிடித்துக்கொண்டது. மோட்டார்ஹெட், பிளாக் ஃபிளாக் எனப் பலர் இதைப் பாடினார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்திருக்கின்றன. 1983-ல் கலிஃபோர்னியாவின் கே.எஃப்.ஜே.சி. வானொலி, இந்த ஒரே பாட்டின் வெவ்வேறு வடிவங்களை 63 மணி நேரம் ஒலிபரப்பியது.

அந்த நிகழ்ச்சிக்கு பெர்ரியும் வந்தார். அப்போது பாட்டு அவர் கையில் இல்லை. 80-களின் நடுவில் அம்மா வீட்டில், அரசு உதவித்தொகையில்தான் காலம் ஓடியது.

அப்புறம்தான் திருப்பம். ‘கலிஃபோர்னியா கூலர்’ என்ற மதுபான நிறுவனம் விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைக் கேட்டது. அதற்கு பெர்ரியின் கையெழுத்து தேவைப்பட்டது. அவரைத் தேடி வந்த வழக்கறிஞர், உரிமையைத் திரும்பக் கேட்கலாமே என்று வழிகாட்டினார். பேச்சுவார்த்தையிலேயே விஷயம் முடிந்தது. உரிமையில் பங்கு கிடைத்து, பெர்ரி கோடீஸ்வரர் ஆனார்.

1997 ஜனவரியில், 61 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். ‘ரயட் இன் செல் பிளாக்’ இசைத்தட்டில் இல்லாத அவர் பெயர், ‘லூயி லூயி’யை யார் பாடினாலும் எழுதியவர் என்ற இடத்தில் இருக்கிறது.