துகளின் வழியை அளந்தவர்

வில்லியம் ஹென்றி பிராக், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கம்பர்லாந்தில் 1862-ஆம் ஆண்டு பிறந்தார். ஏழு வயதில் தாயை இழந்த அவர், தந்தையின் உடன்பிறந்தார் இல்லத்தில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று சிறந்து விளங்கினார்.

1886-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல் ஆகியவற்றின் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அங்கே ஆய்வுக் கருவிகள் போதவில்லை. பேராசிரியர் என்னும் பெருமை பாராட்டாமல், கருவி செய்வோரிடம் மாணவராகச் சேர்ந்து அத்தொழிலைக் கற்றார். பல ஆண்டுகள் கற்பித்தலே அவர்தம் பணியாயிருந்தது. நாற்பது வயதைக் கடந்த பின்னரே பெரும் ஆய்வில் இறங்கினார்.

ரேடியம் வெளியிடும் ஆல்பா துகள்கள் காற்றில் எவ்வாறு ஆற்றலை இழக்கின்றன? 1904-இல் இவ்வினாவைப் பிராக் ஆராய்ந்தார். அவருடைய மாணவர் ரிச்சர்டு கிளீமன் துணைநின்றார். அவர்கள் பயன்படுத்திய கருவி அயனியாக்கக் கலம். அதனுள் நுழையும் துகள், காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை வெளியேற்றி அயனிகளை உண்டாக்கும். அதனால் மெல்லிய மின்னோட்டம் பாயும். ரேடியத்துக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள தொலைவைச் சிறிது சிறிதாக மாற்றி, அம்மின்னோட்டத்தை அளந்தனர்.

தொலைவு கூடக்கூட மின்னோட்டம் குறையவில்லை; பயணத்தின் இறுதியில் மிகுந்து, பின்னர் சட்டென நின்றது. வழியெல்லாம் சிக்கனமாகச் செலவிட்ட ஒருவர், ஊர் எல்லையில் கைப்பொருள் அனைத்தையும் கொடுத்துவிடுவது போன்றது இது. இவ்வுச்சநிலை இன்று பிராக் முகடு எனப்படுகிறது.

1909-இல் பிராக் இங்கிலாந்து திரும்பினார். எக்ஸ் கதிர்களால் படிகங்களின் அமைப்பை அறிந்தமைக்காக, 1915-இல் அவரும் மகன் லாரன்சும் நோபல் பரிசு பெற்றனர். அதே ஆண்டில் இளைய மகன் ராபர்ட் போரில் உயிரிழந்தார். துயரத்தைத் தாங்கித் தம் பணியைத் தொடர்ந்த பிராக், 1942-இல் மறைந்தார்.

அவர் கண்ட உண்மை மறையவில்லை. புரோட்டானும் ஆல்பா துகளைப் போலவே பயணத்தின் முடிவில் மிகுதியான ஆற்றலைச் செலுத்தும். அதனைப் புற்றுநோய்க் கட்டியை அழிக்கப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் வில்சன் 1946-இல் எடுத்துரைத்தார். 1954-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மனிதருக்கு அச்சிகிச்சை முதன்முதலில் அளிக்கப்பட்டது. இந்தியாவில் 2019-இல் சென்னையில் தொடங்கியது.

எக்ஸ் கதிர் கட்டியைக் கடந்து உடலின் மறுபுறமும் செல்லும். புரோட்டானோ கட்டியிலேயே நின்றுவிடும். ஆயினும் சில மில்லிமீட்டர் பிழைத்தால் அருகிலுள்ள நல்ல உறுப்பு பாதிக்கப்படும். ஆகவே, கற்றையின் வழியில் மெல்லிய அயனியாக்கக் கலங்களை வைத்து, அதன் அளவையும் இடத்தையும் நொடிதோறும் கண்காணிக்கின்றனர். உரிய அளவு முடிந்தாலோ கற்றை விலகினாலோ பொறி உடனே நின்றுவிடும். அன்று துகளை அறிய உதவிய கருவி, இன்று நோயாளியைக் காக்கும் காவலாக நிற்கிறது.

அருஞ்சொற்பொருள்
அயனி – மின்னூட்டம் பெற்ற அணு
கற்றை – ஒரே திசையில் செல்லும் துகள்களின் தொகுதி
முகடு – உச்சி

வினாக்கள்
1. பிராக் கருவி செய்யும் தொழிலை ஏன் கற்றார்?
2. அயனியாக்கக் கலம் எவ்வாறு செயற்படுகிறது?
3. புரோட்டான் சிகிச்சையில் கற்றையைக் கண்காணிப்பது ஏன் இன்றியமையாதது?