சங்கரதாஸ் சுவாமிகள்

சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படுபவர். நாடக ஆசிரியராகவும் பாடலாசிரியராகவும் நடிகராகவும் விளங்கினார். முதன்மைப் பாடகர் விலகினாலும் நாடகக் குழு தொடர்ந்து இயங்குவதற்கு இவருடைய நாடகப் பனுவல்களும் பயிற்சி முறையும் வழிவகுத்தன.

வாழ்க்கைக் குறிப்பு

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரத் தேவரின் மகனாகப் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் சில காலம் கணக்கராகப் பணியாற்றினார். 24ஆம் வயதில் நாடகத்துறையில் நுழைந்து எமன், இரணியன், சனீசுவரன் முதலிய வேடங்களை ஏற்றார். இவருடைய வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண் ஒருவருக்கு நேர்ந்த தீங்கினால் மனம் வருந்தி நடிப்பைக் கைவிட்டார் என்பர். புதுக்கோட்டைக் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளை இவரைத் தம் மகனாக ஏற்றுக்கொண்டார்.

பாலர் நாடக சபைகள்

அக்கால இசை நாடகங்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் நடிகர்களின் குரலையே பெரிதும் நம்பியிருந்தன. அவர்கள் குழுவை விட்டு விலகினால் நாடகம் தடைபட்டது. சிலர் கதைக்குப் பொருந்தாத பாடல்களையும் மேடையில் பாடினர். இந்நிலையை மாற்ற விரும்பிய சுவாமிகள் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். எஸ். ஜி. கிட்டப்பா இதில் பயிற்சி பெற்றார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார்.

பாலர் சபைகளில் மகரக்கட்டு பெரும் இடராக இருந்தது. குரல் உடையும் பருவத்தில் புகழ்பெற்ற சிறுவனும் முதன்மை வேடத்தை இழக்க நேர்ந்தது. உரையாடலும் பாடலும் எழுதப்பட்டு முறையாகக் கற்பிக்கப்பட்டதால் வேறொரு சிறுவன் அவ்விடத்தை ஏற்க முடிந்தது. டி. கே. சண்முகம் ஆறு வயதில் இச்சபையில் சேர்ந்தார். அவருக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் எனக் கூறப்படுகிறது.

இறுதிக்காலம்

1921இல் பக்கவாத நோயினால் சுவாமிகள் பேசும் ஆற்றலை இழந்தார். எனினும் குழுவினருடனேயே பயணம் செய்தார். ஆசிரியரின் குரல் அடங்கிய பின்னரும், அவர் கற்பித்த பாடல்களைக் கொண்டு மாணவர்கள் நாடகங்களை நடத்தினர். புதுச்சேரியில் 1922 நவம்பர் 13 அன்று சுவாமிகள் காலமானார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் உள்ளது.

மறைவுக்குப் பின்

டி. கே. எஸ். சகோதரர்கள் 1925இல் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கிச் சுவாமிகளின் மரபைத் தொடர்ந்தனர். கிட்டப்பா 1933இல் தமது 27ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் அவர் நடித்த வகை இசை நாடகங்கள் மேடையிலிருந்து மறையவில்லை.

வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் ஆகியவை இவருடைய நாடகங்களுள் சில. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் வள்ளி திருமணத்தை நடித்து வருகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஓரிரவு ஒன்றுகூடி நடிப்பது இந்நாடகங்களின் வழக்கம். அனைவரும் அறிந்த பொதுப் பனுவல் இருப்பதே இதனை இயலச் செய்கிறது.