கையெழுத்துப் போட மறுத்த மதகுரு

ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட்டிருந்தால் அவர் பதவி நிலைத்திருக்கும். அவர் போட மறுத்தார். பதவி போயிற்று. ஏழு ஆண்டுகள் ஒதுங்கி வாழ நேர்ந்தது.

அவர் பெயர் சாதியா. யூத மதகுரு. யூதர்களின் வேதத்தை அரபு மொழியில் தந்த பேரறிஞர்.

20 வயதில் அகராதி

சாதியா 882-ம் ஆண்டு எகிப்து நாட்டில், பயூம் பகுதியில் பிறந்தார். 20 வயதிலேயே எபிரேய மொழிக்கு ஓர் அகராதி எழுதினார். அதில் ஒரு பகுதியில் சொற்களை முதல் எழுத்துப்படி அடுக்கினார். மற்றொரு பகுதியில் கடைசி எழுத்துப்படி அடுக்கினார். பாட்டின் அடிகளை ஒரே ஓசையில் முடிக்க விரும்பும் கவிஞர்களுக்கு அது பெரிதும் உதவியது.

பிறகு பாலஸ்தீனம், சிரியா வழியாக பாக்தாத் போய்ச் சேர்ந்தார். அவருடைய புகழ் அவருக்கு முன்பே அங்கே போயிருந்தது.

பெரிய பதவி

ஈராக் நாட்டில் சூரா என்ற யூதக் கல்விச்சாலை பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்றது. அதன் தலைவருக்குக் காவோன் என்று பட்டம். 928-ம் ஆண்டு அந்தப் பதவி சாதியாவுக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் பிறந்தவருக்கு இது பெரிய கவுரவம்.

பதவி கொடுத்தவர் தாவீது பென் சக்காய். ஈராக் யூதர்களின் தலைவர். தாவீது ராஜாவின் வம்சம் என்று போற்றப்பட்டவர். சாதியா யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டார் என்று ஒரு முதியவர் முன்கூட்டியே எச்சரித்தார். தலைவர் கேட்கவில்லை.

பத்தில் ஒரு பங்கு

இரண்டே ஆண்டுகளில் அந்த எச்சரிக்கை பலித்தது. பெரிய சொத்து வழக்கு ஒன்று வந்தது. தலைவர் தீர்ப்பு எழுதினார். அதன்படி சொத்தில் பத்தில் ஒரு பங்கு தலைவருக்கே போய்ச் சேரும்! தீர்ப்பில் இரண்டு கல்விச்சாலைத் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும். மற்றவர் போட்டுவிட்டார். சாதியா மறுத்தார்.

தலைவரின் மகன் வந்து மிரட்டினான், கையை ஓங்கினான். சாதியா அசையவில்லை.

தலைவர் அவரை நீக்கிவிட்டு வேறொருவரை நியமித்தார். சாதியாவும் சும்மா இருக்கவில்லை. வேறொருவரைத் தலைவர் என்று அறிவித்தார். சண்டை கலீபாவின் அரண்மனை வரை போயிற்று. சாதியா தோற்றார்.

பேனா ஓயவில்லை

பதவி போனாலும் பேனா ஓயவில்லை. 933-ம் ஆண்டு மத நம்பிக்கையையும் அறிவையும் இணைத்து அரபியில் ஒரு நூல் எழுதினார். பிற்காலத்தில், 1186-ம் ஆண்டு, அது எபிரேய மொழியில் பெயர்க்கப்பட்டது.

அவருடைய வேத மொழிபெயர்ப்புதான் மக்கள் உள்ளத்தில் நிலைத்தது. அந்தக் காலத்தில் ஈராக், எகிப்து யூதர்கள் வீட்டிலும் கடைவீதியிலும் பேசியது அரபு. வேதம் இருந்தது எபிரேய மொழியில். ஓதுவார்கள்; பொருள் புரியாமல் தவிப்பார்கள். சாதியா எளிய, தெளிவான அரபியில் எழுதினார். சொல்லுக்குச் சொல் வைக்காமல் கருத்தைச் சொன்னார். கடவுளின் கை என்றால் உடல் உறுப்பு அல்ல, வல்லமை என்று விளக்கினார்.

பிரார்த்தனைப் புத்தகம் ஒன்றும் தொகுத்தார். பிரார்த்தனைகள் எபிரேய மொழியில் இருந்தன. எதை எப்போது சொல்ல வேண்டும் என்ற குறிப்புகள் அரபியில் இருந்தன. படிக்கத் தெரிந்த எவரும் வழிதவறாமல் வணங்கலாம்!

பகைவனின் பேரன்

937-ம் ஆண்டு பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்து வைத்தார்கள். சாதியா மீண்டும் பதவி ஏற்றார். 940-ம் ஆண்டு தலைவர் இறந்தார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த மகனும் ஏழே மாதத்தில் இறந்துபோனான். அவனுடைய 12 வயதுப் பிள்ளை அநாதையாக நின்றது.

அந்தச் சிறுவனை யார் ஆதரித்தார்கள் தெரியுமா? சாதியாதான்! தம் வீட்டுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பாட்டனார் செய்த கொடுமையைப் பேரன் தலையில் சுமத்தவில்லை.

942-ம் ஆண்டு, 60-வது வயதில், சாதியா காலமானார். ஏமன் நாட்டு யூதர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் அப்பால் இருபதாம் நூற்றாண்டிலும் அவருடைய அரபு வேதத்தைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பதவியைப் பறித்தவர்களால் அந்தப் புத்தகத்தைப் பறிக்க முடியவில்லை.