ஆஸ்கர் கிடைத்தது, சம இருக்கை கிடைக்கவில்லை: ஹாட்டி மெக்டேனியலின் வாழ்க்கைப் பயணம்

ஆஸ்கர் விருது பெற்ற முதல் கருப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல். 'கான் வித் தி விண்ட்' திரைப்படத்தில் நடித்ததற்காக, 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி நடைபெற்ற 12-ஆவது ஆஸ்கர் விழாவில் சிறந்த துணை நடிகைக்கான விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால், அந்த விழா நடைபெற்ற விடுதியில் கருப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. படத்தின் தயாரிப்பாளர் தனியாகக் கேட்டுப் பெற்ற சலுகையின் பேரிலேயே அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். ஒருவரின் திறமையைப் பாராட்டிய சமூகம், அவரைச் சமமாக நடத்த மறுத்த வரலாறே மெக்டேனியலின் வாழ்க்கை.

அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் உள்ள விச்சிட்டா நகரில் 1893-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி பிறந்த மெக்டேனியல், தமது பெற்றோரின் 13 பிள்ளைகளில் கடைசியானவர். தந்தை ஹென்றி, தாய் சூசன் ஆகிய இருவரும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க முயன்ற தென் மாகாணங்களுக்கு எதிராக, கருப்பின வீரர்களைக் கொண்ட படைப்பிரிவில் சேர்ந்து போரிட்டவர் ஹென்றி. தேவாலயத்தில் பக்திப் பாடல்கள் பாடிவந்த சூசன், வீட்டு வேலைகள் செய்து குடும்பத்துக்குத் துணை நின்றார். வறுமைக்கு நடுவிலும் அந்த வீட்டில் பாட்டுக்குக் குறைவிருக்கவில்லை.

குடும்பம் பின்னர் கொலராடோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. டென்வர் நகரில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, 1910-ஆம் ஆண்டு மதுவிலக்கு அமைப்பு ஒன்று நடத்திய ஒப்புவித்தல் போட்டியில் மெக்டேனியல் பரிசு வென்றார். மேடையே தமது வாழ்க்கை என்று முடிவெடுத்த அவர், பள்ளிப் படிப்பைக் கைவிட்டு, அண்ணன் ஓடிஸ் நடத்திய நாடகக் குழுவில் இணைந்தார். நடிப்பு, பாட்டு, பாடல் எழுதுதல், நகைச்சுவை என அனைத்தையும் அங்கேயே கற்றுத் தேர்ந்தார்.

1920-களில் ஜார்ஜ் மோரிசனின் இசைக்குழுவுடன் ஊர் ஊராகப் பயணம் செய்த மெக்டேனியல், டென்வர் வானொலியிலும் பாடினார். அவரது பாடல்கள் இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. 1929-ஆம் ஆண்டு அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது மேடை வாய்ப்புகள் ஒரேயடியாக நின்றுபோயின. மில்வாக்கி நகரில் இருந்த இரவு விடுதி ஒன்றின் கழிவறைப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த அவர், நாளடைவில் அதே விடுதியின் மேடையில் பாடும் வாய்ப்பைப் பெற்று, அங்கு வருவோரின் அபிமானப் பாடகியானார்.

1931-ஆம் ஆண்டு, உடன்பிறந்தோர் வசித்த லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு மெக்டேனியல் சென்றார. அங்கு வானொலி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் அவரது பெயர் பரவியது. எனினும், அந்த ஊதியம் பிழைப்புக்குப் போதாததால் வீட்டு வேலைக்கும் சென்றுவந்தார். 1932-ஆம் ஆண்டு முதல் திரைப்படங்களில் தோன்றத் தொடங்கினார். பல படங்களில் அவரது பெயர்கூடத் திரையில் இடம்பெறவில்லை. 1934-ஆம் ஆண்டு ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்', 1935-ஆம் ஆண்டின் 'ஆலிஸ் ஆடம்ஸ்', 1936-ஆம் ஆண்டின் 'ஷோ போட்' ஆகிய படங்கள் அவரை ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தன. ஆனால், அவருக்குக் கிடைத்த வேடங்கள் பெரும்பாலும் பணிப்பெண் அல்லது சமையல்காரி என்ற எல்லையைத் தாண்டவில்லை.

மார்கரெட் மிட்செலின் புகழ்பெற்ற நாவலைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் திரைப்படமாக்கியபோது, கதாநாயகி ஸ்கார்லெட்டை வளர்த்து ஆளாக்கும் அடிமைப் பெண்ணான 'மாமி' வேடம் மெக்டேனியலுக்குக் கிடைத்தது. அடிமை முறைக்கு எதிராகப் போரிட்ட ஒருவரின் மகள், அந்த முறை நிலவிய காலத்தை ஏக்கத்தோடு நினைவுகூரும் படத்தில் அடிமையாக நடித்தார். ஆயினும், எஜமானியின் தவறுகளை முகத்துக்கு நேராகக் கண்டிக்கும் கூர்மையையும், குடும்பத்தின் துயரைத் தாங்கும் கனிவையும் அந்தப் பாத்திரத்துக்கு அவர் அளித்தார். ஸ்கார்லெட்டின் கணவரும் மகளும் தொடர்பான துயரத்தை விவரித்தபடி அவர் அழுதுகொண்டே மாடிப்படி ஏறும் காட்சி, படத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது.

1939-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்தின் அட்லாண்டா நகரில் படத்தின் முதல் காட்சி கோலாகலமாக நடைபெற்றது. நிறப் பாகுபாட்டுச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த அந்த நகரில், படத்தின் கருப்பினக் கலைஞர்கள் விழாவில் பங்கேற்க இயலவில்லை. மெக்டேனியலும் அதில் கலந்துகொள்ளவில்லை.

அடுத்த சில வாரங்களில் ஆஸ்கர் பரிந்துரைகள் வெளியாயின. 'கான் வித் தி விண்ட்' 13 பரிந்துரைகளைப் பெற்றது. சிறந்த துணை நடிகைக்கான போட்டியில் மெக்டேனியலுடன், அதே படத்தில் நடித்த ஒலிவியா டி ஹாவிலாண்ட், 'வதரிங் ஹைட்ஸ்' படத்துக்காக ஜெரால்டின் ஃபிட்ஸ்ஜெரால்டு, 'டிரம்ஸ் அலாங் தி மொஹாக்' படத்துக்காக எட்னா மே ஆலிவர், 'லவ் அஃபேர்' படத்துக்காக மரியா அவுஸ்பென்ஸ்காயா ஆகியோர் இடம்பெற்றனர். ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கருப்பினக் கலைஞரும் மெக்டேனியலே.

லாஸ் ஏஞ்சலீஸில் அம்பாசடர் விடுதியின் கோகோநட் குரோவ் அரங்கில் விழா நடைபெற்றது. படக்குழுவினர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, மெக்டேனியலுக்குச் சுவரோரத்தில் தனியே ஒரு சிறிய மேசை ஒதுக்கப்பட்டிருந்தது. தலைமுடியில் வெண்மலர்கள் சூடி வந்த அவர், பெயர் அறிவிக்கப்பட்டதும் கண்ணீர் மல்க மேடையேறி, தமது இனத்துக்கும் திரைத்துறைக்கும் பெருமை சேர்ப்பவராகத் தொடர விரும்புவதாகக் கூறி விருதை ஏற்றார். துணை நடிகர்களுக்கு அக்காலத்தில் முழு உருவச் சிலை வழங்கப்படுவதில்லை என்பதால், சிறிய பலகை வடிவிலான விருதே அவருக்குக் கிடைத்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், டார்ஜிலிங்கில் பிறந்த விவியன் லீக்குச் சிறந்த நடிகை விருது என அன்று 8 போட்டிப் பிரிவுகளில் படம் வென்றது.

விருதுக்குப் பின்னரும் வேடங்கள் மாறவில்லை. மீண்டும் மீண்டும் பணிப்பெண்ணாகவே நடிக்க அழைப்புகள் வந்தன. மறுபுறம், கருப்பின மக்களை வேலைக்காரர்களாகவே சித்திரிக்கும் போக்குக்கு எதிராகக் கருப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் குரல் எழுப்பினார். அத்தகைய வேடங்களை ஏற்ற நடிகர்களும் அந்த விமர்சனத்துக்கு உள்ளாகினர். கிடைக்கும் வேடங்களையும் மறுத்தால் கருப்பினக் கலைஞர்களுக்குத் திரையில் இடமே இல்லாமல் போகும் என்பது மெக்டேனியலின் வாதம். பிறர் வீட்டில் உண்மையிலேயே வேலை செய்து வாழ்ந்த அவருக்கு, அந்த வேடத்தில் நடித்து ஊதியம் பெறுவது இழிவாகத் தோன்றவில்லை. இரு தரப்பு வாதங்களிலும் நியாயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சிக்கியவர் மெக்டேனியல்.

திரைக்கு வெளியே அவர் நடத்திய போராட்டம் ஒன்று விருதைக் காட்டிலும் நீடித்த பயனைத் தந்தது. லாஸ் ஏஞ்சலீஸின் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் பகுதியில் அவரும் வேறு சில கருப்பினக் குடும்பத்தினரும் வீடு வாங்கிக் குடியேறினர். வெள்ளையர் அல்லாதோருக்கு வீடு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனையைக் காட்டி, அண்டை வீட்டார் சிலர் அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். வழக்குரைஞர் லோரன் மில்லர் கருப்பினக் குடும்பங்களுக்காக வாதாடினார். 1945-ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் அளிக்கும் உரிமையைச் சுட்டிக்காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்த இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப் போராட்டத்திலும் மில்லர் பங்கேற்றார்.

1947-ஆம் ஆண்டு 'பியூலா' வானொலித் தொடரின் நாயகியானார் மெக்டேனியல். அதற்கு முன் அந்தக் கருப்பினப் பெண் பாத்திரத்துக்கு வெள்ளையின ஆண்களே குரல் கொடுத்துவந்தனர். அத்தொடரின் தொலைக்காட்சி வடிவத்திலும் நடிக்கத் தொடங்கிய நிலையில் அவர் நோய்வாய்ப்பட்டார். மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர், 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் தேதி தமது 59-ஆவது வயதில் காலமானார்.

திரைக்கலைஞர்கள் பலர் துயிலும் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவரது விருப்பம். கருப்பினத்தவருக்கு அங்கு இடமில்லை என மறுக்கப்பட்டதால், ரோஸ்டேல் கல்லறையில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1999-ஆம் ஆண்டு ஹாலிவுட் கல்லறையின் புதிய உரிமையாளர் அங்கு அவருக்கு நினைவுச் சின்னம் அமைத்தார். 2006-ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் துறை அவரது உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

மெக்டேனியலுக்குப் பின் நடிப்புக்கான ஆஸ்கர் விருதைப் போட்டிப் பிரிவில் வென்ற அடுத்த கருப்பினக் கலைஞர் சிட்னி பாய்ட்டியர். அது நிகழ்ந்தது 1964-ஆம் ஆண்டில். அடுத்த கருப்பின நடிகையாக ஊபி கோல்ட்பர்க் வெல்வதற்கு 1991-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தமது விருதை வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு வழங்குமாறு மெக்டேனியல் உயில் எழுதியிருந்தார். அந்த விருது பிற்காலத்தில் அங்கிருந்து காணாமல் போனது. அதற்கு மாற்றாகப் புதிய விருது ஒன்றை ஆஸ்கர் அகாடமி 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அப்பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. அசல் விருது இன்றுவரை கிடைக்கவில்லை.